ரோமாபுரிப் படத்தில் கயிறு பிடித்தவன்

1

ஒரு மாதமாக ஒரே ஒரு படத்தைப் பற்றி ஊர் உலகம் என்ன சொல்கிறது என்று படித்துக்கொண்டிருக்கிறேன். பழைய ரோமாபுரியில் நடக்கும் சாகசப் படம். பெயரை எழுத மாட்டேன். எழுதினால் நீங்களும் போய்ப் பார்ப்பீர்கள், பார்த்தது போதும்.

வேலையில் சாப்பாட்டு இடைவேளை அரைமணி நேரம். ரொட்டியைக் கடித்துக்கொண்டே கைபேசியைத் திறந்தால் முதலில் போவது அந்தப் படத்தின் பார்வையாளர் கருத்துகளுக்குத்தான். ஒருவர் ஐந்து நட்சத்திரம் போட்டு, கப்பல் சண்டைக்காகவே இரண்டாம் முறை பார்த்தேன் என்கிறார். அடுத்தவர் ஒற்றை நட்சத்திரம் போட்டு, அந்தக் காலத்து ரோமானியனின் குதிரைச் சேணத்தில் கால் வைக்கும் வளையமே கிடையாது, இதுகூடத் தெரியாமல் எதற்குப் படம் எடுக்கிறீர்கள் என்று நான்கு பத்திக்குத் திட்டுகிறார். கதாநாயகி அழகு என்று ஒருவர், அழ வரவில்லை என்று இன்னொருவர். இரண்டரை மணி நேரம் வீண் என்று எழுதிய ஆள் அதை எழுதவே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார்.

இவர்கள் யார் என்ன சொன்னால் எனக்கென்ன. எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு ஆளின் கருத்து. தூத்துக்குடியில் இருக்கும் என் தங்கை ரெஜினா. அவள் என்னோடு பேசி ஒன்பது வருடம் ஆகியிருந்தது. அந்தப் படத்தில் நான்கு வினாடி நான் வருகிறேன். படம் வருவதற்கு முன்னால், அவள் அதைப் பார்க்க வேண்டும் மாதாவே என்று ஜெபித்தேன். படத்தை நான் பார்த்த பிறகு, அவள் பார்க்கவே கூடாது மாதாவே என்று ஜெபித்தேன். மாதாவும் என்னதான் செய்வாள்.

2

நான் இருப்பது மால்டாவில். மேப்பில் இத்தாலிக்குக் கீழே கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் தெரியும் தீவு. தூத்துக்குடிக் கடற்கரைக்காரன் இங்கே வந்து இறங்கினால் முதல் நாள் ஒன்றும் புதிதாகத் தெரியாது. தெருவுக்குத் தெரு மாதா கோயில், திருவிழாவுக்கு வெடி, புனிதர் சுரூபத்தைத் தோளில் சுமந்து வேர்த்து வடியும் ஆண்கள், பால்கனியில் பெண்கள். மீன்பிடிப் படகின் முகப்பில் இரண்டு கண் வரைந்து வைத்திருப்பார்கள். அட, நம்ம ஊரு என்று தோன்றும். இரண்டாம் நாள் குடியிருப்பு அட்டைக்கு வரிசையில் நிற்கும்போதுதான் இது நம்ம ஊர் இல்லை என்று புரியும்.

அந்த அலுவலகத்துக்கு ஒன்பது வருடமாகப் போகிறேன். என் பெயர் சேவியர், வீட்டுப் பெயர் பெர்னாண்டோ. கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பெண் வருடா வருடம் மாறுவாள், கேள்வி மாறாது. 'பிலிப்பைன்சா?' இந்தியா என்றால் பெயரைப் பார்ப்பாள், முகத்தைப் பார்ப்பாள், திரும்பவும் பெயரைப் பார்ப்பாள். போர்ச்சுகீசியன் எங்கள் கரைக்கு வந்து ஞானஸ்நானம் கொடுத்துப் பெயர் வைத்துவிட்டுப் போன கதையை அந்தச் சின்னத் துளை வழியாகக் குனிந்து எத்தனை தடவைதான் சொல்வது. இப்போதெல்லாம் சொல்வதில்லை. 'இந்தியா' என்று மட்டும் சொல்லி, அவள் கேட்கும் காகிதத்தைத் தள்ளுவேன். எந்தக் காகிதம் கேட்டாலும் அதற்கு முந்தின காகிதம் என்னிடம் இருக்கும்.

பாஷை வேறு. மால்டா பாஷையில் 'லே' என்றால் 'இல்லை'. வந்த புதிதில் கூட வேலை பார்ப்பவனை வாய் தவறி 'என்னலே' என்று கூப்பிடுவேன். அவன் நான் எதற்கோ மறுப்புச் சொல்கிறேன் என்று கையிலிருந்ததைக் கீழே வைத்துவிடுவான். வேலை படகுத்துறையில். பணக்காரர்களின் உல்லாசப் படகுகளைக் கரையேற்றி, அடியில் ஒட்டிய பாசியையும் சிப்பியையும் சுரண்டி, வண்ணம் அடிக்க வேண்டும். மனைவி ஜெயா முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்க்கிறாள், எங்கள் ஜில்லாவில் இருக்கும் நாசரேத்துக்காரி. மகள் ஷெரினுக்குப் பதினாறு வயது. அவள் அம்மாவோடு பாதித் தமிழும், என்னோடு கால் தமிழும், கைபேசியோடு ஆங்கிலமும் பேசுவாள். கோபம் வந்தால் மட்டும் சுத்தமான மால்டா பாஷை.

3

இனி கயிற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அந்த நான்கு வினாடி உங்களுக்கு ஒன்றுமில்லாமல் போகும்.

எங்கள் கடலில் முத்துக்குளிப்பு நான் பிறப்பதற்கு முன்பே நின்றுபோயிற்று. எங்களுக்கு வாய்த்தது சங்கு. முன்பு மூச்சடக்கி இறங்கினார்கள். எங்கள் காலத்தில் படகில் காற்றடிக்கும் இயந்திரம் ஓடும், அதிலிருந்து நீளமான டியூப் இறங்கும், குளிப்பவன் அதன் முனையை வாயில் கடித்துக்கொண்டு அடியில் நடந்து சங்கு பொறுக்குவான். அவன் இடுப்பில் ஒரு கயிறு. மறுமுனை படகில் ஒருவன் கையில். ஒரு இழுப்பு என்றால் பை நிறைந்துவிட்டது. இரண்டு இழுப்பு என்றால் என்னைத் தூக்கு.

எல்லாம் மாறியும் முத்துக் காலத்து வழக்கம் ஒன்று எங்கள் தெருவில் மாறவில்லை. அந்தக் கயிற்றை மச்சான்தான் பிடிக்க வேண்டும். குளிப்பவனின் மனைவியோடு கூடப்பிறந்தவன். அப்பன், அண்ணன், தம்பியெல்லாம் அப்புறம்தான். காரணம் யாரும் உட்கார வைத்துச் சொன்னதில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். கீழே இருப்பவன் வராமல் போனால் யார் வீட்டுப் பெண் தாலியைக் கழற்றுவாளோ, அந்த வீட்டு ஆண் கையில் கயிறு இருக்கட்டும்.

கயிறு பிடிப்பவனுக்குக் கட்டுப்பாடுகள் உண்டு. உள்ளங்கையில் ஒரு சுற்று சுற்றிக் கட்டைவிரலால் அழுத்திக்கொள்ள வேண்டும். பேச்சு கூடாது, பீடி கூடாது. தண்ணீரைப் பார்க்கக் கூடாது. தண்ணீரைப் பார்த்தால் கண்ணை நம்ப ஆரம்பிப்பான், கை தூங்கிப்போகும். அதனால் முகத்தைக் கரைப்பக்கம் திருப்பிக்கொள்வோம். கீழே இருப்பவன் தலை மேலே தெரிகிற வரை விளையாட்டுக்கும் கயிற்றை விடக் கூடாது. பள்ளிக்கூடத்தில் கயிறிழுக்கும் போட்டியில் திடீரென்று விட்டு எதிர் அணியை மல்லாக்க விழவைப்பது ஒரு தந்திரம். எங்கள் தெருப் பிள்ளைகள் அதை மட்டும் செய்ய மாட்டோம். செய்தது வீட்டுக்குத் தெரிந்தால் முதுகுத்தோல் உரிந்துவிடும்.

ரெஜினாவைக் கட்டியவன் மிக்கேல். என் வயதுக்காரன், என் சிநேகிதன். ஆறு வருடம் அவன் கயிறு என் கையில் இருந்தது. அவனிடம் ஒரு சேட்டை உண்டு. கீழே போய்ச் சற்று நேரத்தில் மூன்று தரம் இழுப்பான். மூன்று இழுப்புக்கு அர்த்தமே கிடையாது. மேலே வந்ததும், 'ஏன்ல மூணு தடவ இழுத்த?' என்று நான் கத்துவேன். வாயிலிருந்து டியூபை எடுத்துவிட்டு, 'சும்மாதான் மச்சான், நீ இருக்கியான்னு பாத்தேன்' என்பான்.

4

மால்டா விசா வந்தபோது சங்கு சீசன் நடுவில் இருந்தது. தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்து கிடந்த மாதம். முத்தையாபுரத்தில் ரெஜினா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அடுப்பில் மீன் கிடந்தது. அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பினாள்.

'அண்ணே, சீசன் முடியட்டும். பங்குனி வரைக்கும் பொறு. பொறவு நீ எங்கன வேணும்னாலும் போ, நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.'

'தேதி தாண்டிட்டா விசா போயிரும்னு ஏஜென்ட் சொல்லுதான் ரெஜினா.'

'அப்ப இவருக்குக் கயிறு?'

மிக்கேல் சிரித்தான். 'போட்டும் ரெஜினா. என் மச்சான் ஃபாரின் போறான், நீ ஏன் அழுக? நான் ஆளு பாத்துக்கிடுதேன்.'

ஆளும் கிடைத்தான். எங்கள் தெரு இல்லை, எங்களுக்கு உறவு இல்லை, கூலிக்கு வந்தவன். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். நான் கிளம்பிய பத்தொன்பதாம் நாள், இயந்திரத்தின் பெல்ட் நழுவிக் காற்று குறைந்துவிட்டது. அவன் கயிற்றைப் படகின் கம்பியில் கட்டிவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தான். கயிறு எத்தனை முறை இழுபட்டது என்று அவனுக்குத் தெரியவில்லை. கம்பிக்குத் தெரிந்திருக்கும்.

செய்தி வந்தபோது என் அட்டை இன்னும் கைக்கு வரவில்லை. அடுத்த வாரம் கைரேகை கொடுக்க வரச் சொல்லியிருந்தார்கள். அதற்கு முன் நாட்டை விட்டுப் போனால் மனு ரத்தாகும், திரும்பி வர முடியாது என்றார்கள். அது உண்மைதான். ஆனால் நான் போயிருக்கலாம். திரும்பி வராமல் இருந்திருக்கலாம். இந்த ஒன்பது வருடத்தில் எத்தனையோ பேரிடம் அந்தச் சட்டத்தைச் சொல்லி நியாயம் கேட்டிருக்கிறேன், எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றிருக்கிறார்கள். எனக்கு மட்டும் அது சரியாகப் படவில்லை.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் ரெஜினா போனில் பேசினாள். அழவில்லை. 'கயிறும் பிடிக்கல. பெட்டியும் தூக்கல. இனிமே அண்ணன்னு சொல்லிக்கிட்டு என் வாசலுக்கு வராத.' அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு இரண்டு தடவை ஊருக்குப் போனேன். இரண்டு தடவையும் அவள் வாசலுக்குப் போனேன். கதவைச் சாத்தவில்லை. நாற்காலி போட்டாள், செம்பில் தண்ணீர் வைத்தாள், உள்ளறைக்குப் போய்விட்டாள். ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்தேன். ஜெயாவோடு மட்டும் அவளுக்குக் கோபமில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் போன் வரும். 'என்ன மதினி, சொவமா' என்று ஆரம்பித்து அரைமணி நேரம். ஜெயா ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு வெங்காயம் அரிவாள். நான் பக்கத்து அறையில் கட்டிலில் உட்கார்ந்து என் தங்கையின் குரலைக் கேட்பேன். ஒன்பது வருடமாக எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் அதுதான்.

5

மால்டாவில் ரோமாபுரிப் படங்கள் அடிக்கடி எடுப்பார்கள். கடலோரத்தில் பெரிய தண்ணீர்த் தொட்டி கட்டியிருக்கிறார்கள். தொட்டித் தண்ணீரும் பின்னால் இருக்கும் கடலும் கேமராவில் ஒன்றாகத் தெரியும். போன வருடம் கோடையில் எங்கள் படகுத்துறைக்கு ஆள் தேடி வந்தார்கள். கறுப்பாக, படகில் நின்று பழகியவனாக இருக்க வேண்டும். அதற்கும் ஒரு படிவம். உனக்குத் தெரிந்த சிறப்புத் திறமை என்ன என்ற கட்டத்தில் எனக்கு முன்னால் நின்றவர்கள் குதிரையேற்றம், வாள் வீச்சு என்றெல்லாம் எழுதினார்கள். நான் கயிறு பிடிப்பேன் என்று எழுதினேன். காதில் கருவி மாட்டிய உதவியாளப் பெண் அதைப் படித்து என்னைத் தனியாக நிறுத்தினாள்.

கதை இதுதான். ரோமாபுரியின் மகாராணிக்குக் கொற்கையில் விளையும் பெரிய முத்து வேண்டும். அதைத் தேடிக் கதாநாயகன் கப்பலேறி வருகிறான். அவனுக்காக ஒரு முத்துக்குளிப்பவன் கடலில் இறங்குகிறான். இதில் நான் படகில் நின்று கயிறு பிடிக்கும் ஆள். எனக்கு வசனம் கிடையாது, கதையை முழுதாகச் சொல்லவும் இல்லை. தலைப்பாகையைக் கோணலாகக் கட்டிவிட்டார்கள். எதிரே அட்டையில் செய்த கொற்கை. அதன் மதில் உயரத்தைப் பார்த்தால் உள்ளே பாண்டியன் ஒளிந்துகொண்டிருக்கிறானா என்று சந்தேகம் வரும். கயிற்றின் மறுமுனையில் மணல் மூட்டை. முத்துக்குளிக்க வேண்டிய நடிகர் குடைக்குக் கீழே துண்டைப் போர்த்திக்கொண்டு காப்பி குடித்தார்.

நான் கயிற்றைச் சுற்றிக் கட்டைவிரலை வைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இயக்குநர் நிறுத்தினார். ஏன் தண்ணீரைப் பார்க்கவில்லை என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. நான்கு தடவை எடுத்தார். நான்கு தடவையும் நான் சரியாகப் பிடித்தேன். அத்தனை வருடத்துக்கு அப்புறம் உள்ளங்கையில் ஈரக் கயிறு. மூட்டை அசையும்போதெல்லாம் கை விழித்துக்கொண்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்.

பிறகு உதவியாளப் பெண் வந்து, 'இன்னும் ஒரே ஒரு தடவை. இந்த முறை கையை விரித்துக் கயிறு போகட்டும்' என்றாள்.

முடியாது என்றேன்.

அவளுக்கு விளங்கவில்லை. மறுமுனையில் மணல் மூட்டைதானே என்றாள். எங்கள் ஊரில் விட மாட்டோம் என்றேன். அழகாகச் சிரித்து, இது உங்கள் ஊர் இல்லையே என்றாள். நூறு பேர் காத்து நின்றார்கள். வெளிச்சம் சாய்கிறது என்று யாரோ கத்தினார்கள். எங்களைக் கூட்டி வந்த மேஸ்திரி பின்னாலிருந்து, சொன்னதைச் செய்யேன் என்று பல்லைக் கடித்தான். எட்டு வருடமாக இந்த நாட்டில் நான் எதற்கும் இரண்டாம் தடவை முடியாது என்று சொன்னதில்லை. அந்தப் பழக்கமே விட்டுப்போயிற்று. மணல் மூட்டைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கையை விரித்தேன்.

கயிறு உள்ளங்கையைச் சுட்டுக்கொண்டு ஓடியது. எல்லோரும் கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து ஜெயாவிடம் நான்கு தடவை பிடித்த கதையைச் சொன்னேன். விட்ட கதையைச் சொல்லவில்லை. கையைப் பார்த்து ஏன் தோல் உரிந்திருக்கிறது என்று கேட்டாள். வேலையில் என்றேன்.

6

படம் வருகிறது என்று தெரிந்ததும் நான் சும்மா இருந்திருக்க வேண்டும். தெருவின் வாட்சாப் குழுவில் போட்டேன். ஜெயாவின் அண்ணனுக்குச் சொன்னேன். ஏரலில் இருக்கும் ஒன்றுவிட்ட மாமாவுக்குக்கூடச் சொன்னேன், அவர் படம் பார்த்தே இருபது வருடம் இருக்கும். காரணம் ரெஜினாதான். யார் மூலமாவது அவள் காதுக்குப் போகட்டும் என்று நினைத்தேன். நான் முகத்தைத் திருப்பிக் கயிறு பிடித்து நிற்பதை அவள் பார்த்தால் போதும், வாயால் சொல்லத் தெரியாததை அது சொல்லிவிடும் என்று நம்பினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெயாவே அவளிடம் சொன்னாள். 'ரோமாபுரிப் படம் ஒண்ணு வருது. அதுல அவுக கயிறு பிடிச்சிட்டு நிக்காக.' பிறகு ரெஜினா, 'எந்தப் படம்?' என்றாள். ஒன்பது வருடத்தில் என் சம்பந்தமாக அவள் கேட்ட முதல் கேள்வி. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு வாரம் நான் தரையில் நடக்கவில்லை.

இங்கே முதல் நாளே போனோம். ஷெரின் தன் சிநேகிதிகள் நான்கு பேரைக் கூட்டி வந்திருந்தாள். அப்பா நடித்த படம். கொற்கைக் காட்சி வந்தது. படகு வந்தது. வில்லனின் ஆள் ஒருவன் குனிந்து யாருக்கோ ஒரு முத்தைக் காட்டுகிறான். வாங்கும் கை மட்டும் தெரிகிறது, அது என் கை இல்லை, ஆனால் பார்ப்பவர்களுக்கு அது என் கைதான். அடுத்து என் முகம். நான் முகத்தைத் திருப்புகிறேன். அடுத்து, கயிறு சுற்றிய என் கை விரிகிறது. கயிறு போகிறது. நடிகர் பச்சைத் தண்ணீருக்குள் கைகளை வீசிக்கொண்டு கீழே, கீழே போகிறார்.

மொத்தம் நான்கு வினாடி. ஒழுங்காகப் பிடித்ததில் ஒரு வினாடிகூட இல்லை.

சிநேகிதிகள் விசிலடித்தார்கள். ஷெரின் என் தோளைப் பிடித்து உலுக்கி, 'அப்பா, நீங்கதான் வில்லன்! சூப்பர்!' என்றாள். நான் எழுந்து வெளியே வந்து நடைபாதையில் உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் அவளும் பின்னால் வந்தாள்.

'என்னாச்சு? இட்ஸ் ஜஸ்ட் ஆக்டிங்பா.'

சொல்லிப் பார்த்தேன். மச்சான் என்பதற்கு ஆங்கிலத்தில் 'பிரதர்-இன்-லா' என்று ஒரு சொல் இருக்கிறது, கோர்ட்டில் உபயோகிக்கிற மாதிரிச் சொல். அதை வைத்துக்கொண்டு கயிற்றை எப்படி விளக்குவது. தமிழில் சொன்னால் அவளுக்குப் பாதிக்கு மேல் தெரியாது. கடைசியில், 'மிக்கேல் மாமா கயித்தை நான்தான் பிடிப்பேன். அவரு செத்த அன்னைக்கு நான் அங்கன இல்ல' என்றேன்.

'மிக்கேல் மாமான்னா, மூச்சு பிடிச்சுக்கிட்டு என்னை எண்ணச் சொல்வாரே, அவரா?'

'ஆமா.'

'நான் வேணும்னே மெதுவா எண்ணுவேன்' என்றாள். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தியேட்டரில் திருட்டுத்தனமாக எடுத்து அப்போதுதான் போட்டிருந்த என் நான்கு வினாடியைக் கைபேசியிலிருந்து அழித்தாள். அதற்குள் பத்திருபது பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள்.

7

அடுத்த வாரம் படம் தமிழில் பேசிக்கொண்டு தூத்துக்குடிக்குப் போயிற்று. ஊர்க் கருத்துகள் வர ஆரம்பித்தன.

தெருமுனையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி குரல்பதிவு அனுப்பினார். 'படம் நல்லாத்தான் இருக்கு. ரோமாபுரி ராசா செந்தமிழ்ல பேசுதான், நமக்குத்தான் வெளங்கல. ஆனா ஏல சேவியரு, நீ ஏம்ல கயித்த விட்ட?' கடைசிக் கேள்வியில் அவர் சிரிக்கவில்லை. துறைமுகத்தில் வேலை பார்க்கும் பழைய கூட்டாளி, 'மக்கா, ஒன் மூஞ்சி வந்ததும் கைதட்டுனோம், கை விரிஞ்சதும் தியேட்டரே கம்முன்னு ஆயிட்டு' என்று எழுதினான். நாசரேத்தில் சரித்திர ஆசிரியராக இருக்கும் ஜெயாவின் அண்ணன் ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தார். கொற்கைக்குப் பின்னால் மலை ஏது, யானைக்கு ஆப்பிரிக்கக் காது, முத்துச் சிப்பிக்குப் பதிலாக ஓட்டலில் தின்கிற சிப்பி. எல்லாப் பிழையையும் அடுக்கிவிட்டு, 'மற்றபடி உங்கள் நடிப்பு மிக இயல்பாக இருந்தது' என்று முடித்திருந்தார். நல்ல மனிதர். மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு எழுதவில்லை. அந்த இயல்பாக என்ற சொல் என்னை இரண்டு நாள் சாப்பிடவிடவில்லை.

முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரர் எழுதியதுதான் எல்லாவற்றையும்விட மோசம். ஒரு வார்த்தை பேசாத அந்தக் கயிற்றுக்காரன்தான் படத்தின் சிறந்த வில்லன், முகத்தைத் திருப்பிக்கொள்கிறான் பாருங்கள், தான் செய்வது என்னவென்று அவனுக்குத் தெரியும் என்று எழுதியிருந்தார். கீழே நிறைய பேர் ஆமோதித்திருந்தார்கள். நாங்கள் முகத்தைத் திருப்புவது கை விழித்திருக்க வேண்டும் என்பதற்காக ஐயா என்று அவருக்குப் பதில் தட்டச்சு செய்தேன். இரண்டு மூன்று தடவை திருத்தினேன். பிறகு அழித்துவிட்டேன். அவர் சொன்னதில் தப்பு எங்கே இருக்கிறது? பங்குனி வரை பொறு என்று ஒருத்தி கேட்டபோதும் நான் முகத்தைத்தானே திருப்பினேன்.

அந்த வாரம்தான் மிக்கேலுக்கு ஆண்டுப் பூசை. ஞாயிற்றுக்கிழமை ரெஜினாவிடமிருந்து போன் வரவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறும் வரவில்லை. ஜெயா கூப்பிட்டுப் பார்த்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. கேட்டுக்கொண்டிருந்த குரலும் போயிற்று என்று நினைத்தேன். அழுதேன்.

8

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் வந்தது. ஜெயா மீனுக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள், முழங்கையால் ஸ்பீக்கரைத் தட்டினாள்.

'மதினி, நேத்து அந்தப் படத்துக்குப் போயிட்டு வந்தேன்.'

ஜெயா புளியோடு அப்படியே நின்றாள். நான் அறை வாசலுக்கு வந்துவிட்டேன்.

'அண்ணன் இருக்கா அங்கன? குடுங்க.'

போனை வாங்கும்போது அது கையிலிருந்து நழுவிவிடும் போல இருந்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஒன்பது வருடம் சேர்த்து வைத்ததெல்லாம் மறந்துபோய், சின்னப் பிள்ளை மாதிரி சாக்குப்போக்குதான் வந்தது.

'ரெஜினா, நாலு தடவ நான் ஒழுங்காத்தான் பிடிச்சேன். அதையெல்லாம் வெட்டிட்டானுவ. அந்தப் புள்ள ஒரே ஒரு தடவ விடச் சொல்லிச்சி. நான் மாட்டேன்னுதான் சொன்னேன். கீழ ஆளு கெடையாது ரெஜினா, மண்ணு மூட்ட...'

'கேட்டனா நான்?' என்றாள்.

அவள் பக்கம் தெருவில் ஒரு பஸ் போகும் சத்தம் கேட்டது.

'முன்னால இருந்தவன் ஒன்ன ஏசுனான். கேக்கச் சகிக்கல. கூட வந்தவ, வா அக்கா எந்திரிச்சிப் போயிருவோம்னா. நான் போகல.'

'போயிருக்கலாம்லா ரெஜினா.'

'போகல. முழுசும் பாத்தேன்.' குரல் கொஞ்சம் இறங்கியது. 'படகு வந்துச்சி. நீ நின்ன. மொகத்த அங்கிட்டுத் திருப்புன. நீ கையில கயித்தச் சுத்தியிருந்தது அவரு கயித்தச் சுத்துவியே, அதே மாதிரிதான் இருந்துச்சி.'

ஜெயா முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

'கயித்த விட்டா விட்டுட்டுப் போ அண்ணே,' என்றாள் என் தங்கை. 'படத்துலயாவது நீ அங்கன இருந்தல்லா.'

மதினியிடம் கொடு என்றாள், கொடுத்தேன்.